எண்ணை அறிவித்தீர்கள், எழுதி வைக்கவில்லை

சென்னையில் வேக வரம்பை நிர்ணயிக்கும் காவல் அதிகாரிகளுக்கும், சாலைகளைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும்,

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. இரு சக்கர வாகனத்தில் வரம்பை மீறிய வேகம், அபராதம் 1,000 ரூபாய். இணைப்பைத் திறந்து பார்த்தேன். நான்தான். என் வண்டிதான். முன்னால் தொங்குவதும் என் சாப்பாட்டுப் பைதான். வேகம் 57 என்று போட்டிருந்தது. மறுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அன்று மாலையே கட்டிவிட்டேன். தள்ளுபடி கேட்டு இதை எழுதவில்லை.

கட்டிய பிறகுதான் உறைத்தது: அந்தச் சாலையில் எனக்கு வரம்பு எவ்வளவு? இருபது வருஷமாகப் போய்வருகிற சாலை. எனக்குத் தெரியவில்லை. அதில் எனக்கு ஒரு வெட்கமும் உண்டு, ஏனென்றால் என் தொழிலே பலகைதான். எனாமல் பெயிண்டும் தூரிகையுமாகக் கடைப் பலகை எழுதத் தொடங்கினேன். ஃபிளெக்ஸ் வந்தது, தூரிகை போனது. பிறகு சாலைப் பலகைக்கு மாறினேன். தகட்டை வட்டமாக வெட்டி, ஒளிரும் தாள் ஒட்டி, சிவப்பு விளிம்புக்குள் கறுப்பு எண் பதித்து, காண்ட்ராக்டரின் குட்டி யானையில் ஏற்றி அனுப்புகிறேன். இந்த ஊரில் நீங்கள் பார்க்கும் '30', '40' பலகைகளில் சில என் பட்டறையில் பிறந்தவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை வீட்டில் விட்டுவிட்டு அந்தச் சாலையை நடந்தே பார்த்தேன். ஒரு சிக்னலில் தொடங்கி, கேமரா இருக்கும் இடத்தைத் தாண்டி, அடுத்த பெரிய சந்திப்பு வரை சுமார் நான்கு கிலோமீட்டர். வீட்டுமனை விளம்பரம், பல் மருத்துவமனை, காதணி விழா, யாரோ ஒரு அண்ணனின் பிறந்தநாள் என்று எண்ணிக்கொண்டே வந்து முப்பதோடு நிறுத்திக்கொண்டேன். வேக வரம்புப் பலகை இரண்டே இரண்டு. முதலாவதில் 40. சிவப்பு வெளிறி ரோஸ் நிறமாகிவிட்டிருந்தது. தாளைப் பார்த்தால் வயது சொல்லிவிடுவேன், ஏழெட்டு வருஷமாவது இருக்கும். இரண்டாவது பலகை ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில். புங்க மரத்தின் கிளை ஒன்று முதல் எண்ணை மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தால்தான் 50. விலக்காமல் பார்த்தால் வெறும் பூஜ்யம். வண்டியை உருட்டிக்கொண்டு போனால்கூட அபராதம் விழும் சாலை!

கைபேசியில் எடுத்த படங்களோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எதிரே இருந்தவர் இரண்டு படங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “அதான் எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சே, படிக்கலையா?” என்றார். அந்த ஒரு கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. எந்த அலுவலகம், எந்தச் சாலை என்று எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு கடைநிலை ஊழியருக்கு மெமோ கொடுத்துவிட்டு ஃபைலை மூடிவிடுவீர்கள். அப்புறம் அந்த ஒரு கிளை மட்டும் வெட்டப்படும்.

சரி, பேப்பரில் என்ன வந்தது? 2023 ஜூனில், சென்னையில் 40 கிலோமீட்டருக்கு மேல் போனால் கேமரா பிடிக்கும் என்று செய்தி வந்தது. ஊரே சிரித்தது. சைக்கிள் முந்திக்கொண்டு போவதாக மீம் போட்டார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் சம்மதமில்லை. கடையும் பள்ளிக்கூடமும் பேருந்து நிறுத்தமுமாக நெருக்கியடிக்கும் சாலையில் 40 ஒன்றும் பைத்தியக்கார எண் அல்ல. எதிர்ப்புக்குப் பிறகு நவம்பரில் புதிய வரம்புகளை அறிவித்தீர்கள்: கார் போன்ற இலகு ரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கு 50, இரு சக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிக்குள் எதுவாக இருந்தாலும் 30. 40 குறைவா, 60 அதிகமா என்று டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி வரை சண்டை நடந்தது. அந்த எண்ணை எங்கே எழுதி வைக்கப்போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

பேப்பரில் வந்தால் போதும் என்று சட்டம் சொல்லவில்லை, ஐயா. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 112-ஐ எடுத்துப் பாருங்கள். மக்களின் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மைக்காகவோ ஓரிடத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். அதோடு பிரிவு 116-இன்படி தகுந்த இடங்களில் பலகைகளும் வைக்க வேண்டும். 'அல்லது' என்ற சொல் அங்கே கிடையாது. கேமராவுக்கும் இதே கதைதான். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். கேமரா கண்காணிக்கும் நீளத்தில், கண்காணிப்பு இருக்கிறது என்று கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021-இல் சொன்னதும் அதே விதிதான். எனக்கு நோட்டீஸ் மூன்றாம் நாளே வந்தது. நோட்டீஸ் விஷயத்தில் இருக்கும் சுறுசுறுப்பில் கால்வாசி பலகை விஷயத்தில் இருந்திருந்தால் எனக்கு எழுத வேலையே இருந்திருக்காது.

எச்சரிக்கைப் பலகை வைத்தால் கேமரா இருக்கும் இடத்தில் மட்டும் மெதுவாகப் போவார்களே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். போகட்டுமே! விபத்து நடக்கும் இடமாகப் பார்த்துக் கேமரா வைத்திருந்தால் அங்கே மெதுவாகப் போவதுதானே உங்களுக்கும் வேண்டும்?

இனி என் தொழில் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். வேக வரம்புப் பலகை என்பது ஒரு வட்டம், உள்ளே ஓர் எண். காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40 என்று ஒரே சாலையில் மூன்று எண் இருந்தால் வட்டத்துக்குக் கீழே வண்டிப் படம் போட்ட சின்னத் தகடு ஒன்று வேண்டும். நவம்பர் 2023-க்குப் பிறகு அப்படி ஒரு தகடு கேட்டு எனக்கு ஒரு ஆர்டர்கூட வரவில்லை. இந்த வேலை செய்யும் வேறு இரண்டு பட்டறைகளில் விசாரித்தேன், அவர்களுக்கும் வரவில்லை. மூன்று எண்ணை அறிவித்துவிட்டு ஓர் எண் பலகையோடு ஊரை ஓட்டுகிறீர்கள். அதுவும் பல இடங்களில் பழைய எண். எண்கள் மாறிக்கொண்டே இருப்பவை. 2018-இல் மத்திய அரசு நாடு முழுவதும் வரம்புகளை உயர்த்தியது, 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. இதெல்லாம் காகிதத்தில் நடந்து முடிந்தது. கம்பத்தில் இருந்த 40 அசையவே இல்லை.

பலகை எங்கே நடப்படுகிறது தெரியுமா? ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக இருக்கும் இடத்தில் நட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நடைபாதைக்கு அடியில் மின்கேபிள், தொலைபேசிக் கேபிள், குடிநீர்க் குழாய் எல்லாம் ஓடுகின்றன. கடப்பாரை எதில் பட்டாலும் வம்பு. அதனால் மேஸ்திரி எந்த இடத்தில் பயமில்லாமல் ஒன்றரை அடி தோண்ட முடியுமோ அந்த இடத்தில் தோண்டுவார். அது மரத்தடியாக இருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் ஓரமாக இருக்கும், பேருந்து நிழற்குடைக்குப் பின்பக்கமாக இருக்கும். ஜல்லி கொட்டி, கம்பத்தை நிறுத்தி, படம் எடுத்து பில்லோடு சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. படத்தில் பலகை தெரியும். ஓட்டுகிறவருக்குத் தெரியுமா என்று யாரும் வண்டியில் வந்து பார்ப்பதில்லை. பிறகு மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது கம்பம் பிடுங்கப்படும், மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைக்கும்போது ஒன்று காணாமல் போகும். இரும்பு என்பதால் சில பலகைகள் பழைய இரும்புக் கடைக்கே நடந்து போய்விடும்.

தாள் விஷயத்தில் நானும் குற்றவாளி. ஒளிரும் தாளில் தரம் உண்டு. நல்ல தாள் ஹெட்லைட் பட்டால் தூரத்திலேயே எண்ணைத் திருப்பிக் காட்டும். மட்டமான தாள் இரண்டு மழைக்காலம் தாங்காது. பிறகு இரவில் அது இருட்டோடு இருட்டாக நிற்கும் ஒரு தகடு. மலிவுத் தாளே போதும் என்று கேட்கும் காண்ட்ராக்டருக்கு நானும் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். வாடகை கட்ட வேண்டுமே. யாராவது ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று ஒவ்வொரு முறையும் பயந்திருக்கிறேன். ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை.

இப்போது பூக்கார அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய சாலையிலிருந்து எங்கள் தெரு பிரியும் முனையில் உட்கார்ந்து பூக்கட்டி விற்பவர். மார்கழியில் ஒரு காலை, ஆறரை மணி இருக்கும், ஒரு பையன் பைக்கில் வந்து மோதினான். நான் எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கூடை கவிழ்ந்து, கதம்பமும் நனைத்த வாழைநாரும் சாலையில் கிடந்தன. அவருக்கு இடது கால் முறிந்தது. நாங்கள் நான்கைந்து பேர் பையனைப் பிடித்துக்கொண்டோம். பத்தொன்பது வயது இருக்கும், அழுதுகொண்டே ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான்: “அண்ணா, நான் ஐம்பதுலதான் வந்தேன், பைக்குக்கு ஐம்பது போகலாம்னு சொல்லியிருக்காங்கண்ணா.”

அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பெரிய சாலையில் அவனுக்கு 50 உண்டு. முனை திரும்பிய நொடியில் அது 30 ஆகிவிட்டது. ஆகிவிட்டது என்று அவனிடம் சொல்ல அங்கே ஒரு பலகையும் இல்லை, தரையில் ஒரு கோடும் இல்லை. 50-இல் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 14 மீட்டர் நகரும், 30-இல் போனால் 8 மீட்டர் சொச்சம். ஓர் ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்கை அழுத்துவதற்கே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அன்றைக்கு முனையில் ஒரு பால் வேன் நின்றிருந்தது. வேனின் மூக்கிலிருந்து கூடை வரை பத்து மீட்டர்கூட இல்லை. 30-இல் வந்திருந்தால் பிரேக் பிடிக்கவாவது செய்திருப்பான். 50-இல் அவன் கை அசையும் முன்பே வண்டி கூடையின் மேல் இருந்தது. ஆள்நடமாட்டமும் வண்டியும் கலக்கும் இடங்களில் 30 என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடி அறிவித்ததன் கணக்கு இதுதான்.

முதல் தகவல் அறிக்கையில் என்ன எழுதியிருக்கும் என்று சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 279, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 281. எண் மாறினாலும் வாக்கியம் மாறவில்லை. 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீதம் அதிவேகத்தால் என்று மத்திய அரசின் அறிக்கை கணக்குக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 64,105 விபத்துகள், எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இத்தனை வழக்குகளில் 'சம்பவ இடத்தில் வேக வரம்புப் பலகை இருந்ததா' என்று ஒரு வரியாவது எழுதப்பட்டதா? ஓட்டியவர் மீது எழுதுவது எளிது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. சாலையை வடிவமைக்கும்போதும் பராமரிக்கும்போதும் தரத்தை மீறி, அதனால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 1,000 ரூபாய்ச் சலான் எனக்கு மூன்றே நாளில் வந்தது. இந்த ஒரு லட்ச ரூபாய்ச் சலான் யாருக்காவது போயிருந்தால் தெரியப்படுத்துங்கள்.

பூக்கார அம்மாவின் விபத்துக்குப் பிறகு தெருமுனையில் பலகை வரவில்லை, வேகத்தடை வந்தது. நாங்களே கேட்டோம், நீங்களும் போட்டீர்கள். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நூல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரு முழ அகலத்தில் கட்டிய தார்ச்சுவர். வெள்ளைப் பட்டை அடிக்கவில்லை. முதல் வாரத்திலேயே இரவில் இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருவர் பின்னால் உட்கார்ந்து வந்த கர்ப்பிணிப் பெண், நல்லவேளை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோவில் ஏறும் வயதானவர்கள் இப்போது அந்த இடம் வருவதற்கு முன்பே முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள். 30 என்று எழுதிய ஒரு தகட்டின் வேலையை முதுகெலும்பிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

இதற்கெல்லாம் நீங்கள் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். வரம்பு வைப்பது காவல்துறை, பலகை வைப்பது சாலைக்குச் சொந்தக்காரர். அண்ணா சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், உள்தெரு மாநகராட்சியிடம், ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை. போதாக்குறைக்கு 2022-இல் காவல் ஆணையரகமே சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்றானது. வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணைக்குப் போகிறவர் நடுவழியில் ஓர் ஆணையரகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைகிறார். யார் அறிவித்த வரம்பு எந்த மின்கம்பத்தோடு முடிகிறது என்று அவர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்? சொத்துத் தகராறை உங்களுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவருக்கு அது ஒரே சாலை.

கேமராவை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எடுக்கச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. நான் கேட்பது இவ்வளவுதான்.

கேமரா உள்ள ஒவ்வொரு சாலையிலும் முதலில் வரம்புப் பலகையும் கண்காணிப்பு எச்சரிக்கைப் பலகையும் வையுங்கள். தேதியோடு படம் எடுத்து எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அதுவரை அந்தக் கேமராவிலிருந்து சலான் வேண்டாம், எச்சரிக்கைச் செய்தி மட்டும் அனுப்புங்கள். பலகை வந்த பிறகு வரம்புக்கு மேல் ஒரே ஒரு கிலோமீட்டர் வேகம் கூடினாலும் பிடியுங்கள், நான் மறுபடியும் கட்டுகிறேன்.

வண்டிக்கு வண்டி வேறு வரம்பு என்றால் வண்டிப் படத் தகடும் சேர்த்து வையுங்கள். அது முடியாதென்றால் அந்தச் சாலைக்கு ஒரே எண்ணாக அறிவித்துவிடுங்கள். எந்தச் சாலைக்கு எந்த வரம்பு என்று முழுப் பட்டியலை, மூன்று ஆணையரகங்களுக்கும் சேர்த்து, தமிழில் ஒரே இடத்தில் போடுங்கள்.

'குடியிருப்புப் பகுதி' என்று காகிதத்தில் சொல்வதை நிறுத்திவிட்டு அது தொடங்கும் தெருமுனையைக் காட்டுங்கள். கம்பம் நட இடமில்லை என்றால் தரையில் தெர்மோபிளாஸ்டிக் பெயிண்டில் 30 என்று பெரிதாக எழுதுங்கள், அதைப் பிடுங்கி யாரும் எடைக்குப் போட முடியாது. பள்ளிக்கூடம் இருக்கும் தெருக்களிலிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு பலகையின் முதுகிலும் ஒரு வரிசை எண், நட்ட தேதி, பொறுப்பான அலுவலகத்தின் தொலைபேசி எண் மூன்றையும் எழுதச் சொல்லி ஒப்பந்தத்தில் சேருங்கள். எங்களுக்கு அதற்கு ஆகும் செலவு ஒரு டீக்காசு. காண்ட்ராக்டருக்குப் பில்லில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, முதல் மழைக்காலம் முடிந்ததும் இரவில் வண்டியில் வந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். அப்படிச் செய்தால் என்னிடம் மட்டமான தாள் கேட்டு யாரும் வர மாட்டார்கள். வரம்புப் பலகையில் சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்கும் எனக்கு அனுப்பிய அதே வேகத்தில் சலான் அனுப்புங்கள்.

எங்கள் தெருமுனைக்கும் ஒரு '30' வேண்டும், அந்தத் தார்ச்சுவரையும் அளவுக்குக் கொண்டுவந்து வெள்ளை அடிக்க வேண்டும். பலகையை நான் காசு வாங்காமல் செய்து தருகிறேன், நல்ல தாளில். மேஸ்திரியிடம் மட்டும் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: வேப்பமரத்தை ஒட்டித் தோண்டச் சுலபமாக ஒரு மண்தரை இருக்கிறது, அங்கே கடப்பாரையைப் போட்டுவிட வேண்டாம். பூக்கார அம்மா போன வாரத்திலிருந்து கைத்தடியோடு திரும்ப வந்து உட்காருகிறார், கூடை வைக்கிற இடம் அது.